பள்ளி விடுமுறையும் பெற்றோர் கடமையும்

மே மாதம் பிறந்ததும் தலைநகரில் வெயிலும் விடுமுறையும் ஒன்றாகவே வந்து சேர்கின்றன. ஏப்ரல் தொடக்கத்தில் புது வகுப்பில் அடியெடுத்து வைத்த நம் குழந்தைகள் ஆறு வாரப் பாடம் முடிவதற்குள் புத்தகப் பையை இறக்கி வைக்கிறார்கள். இனி ஜூலை மாதத் தொடக்கத்தில்தான் பள்ளி மணி ஒலிக்கும். கரோல்பாக்கிலும் ராமகிருஷ்ணபுரத்திலும் மயூர் விகாரிலும் நம்மவர் இல்லங்களில் பரணிலிருந்து பெட்டிகள் இறங்கத் தொடங்கிவிட்டன. தஞ்சைக்கும் நெல்லைக்கும் மதுரைக்கும் செல்வோர் ஒருபுறம்; ஊரில் எவரும் இல்லாமையாலோ, விடுப்புக் கிடைக்காமையாலோ இங்கேயே கோடையைக் கழிப்போர் மறுபுறம். இருதிறத்தார்க்கும் சில செய்திகளையும், அவற்றினும் முக்கியமான ஒரு வேண்டுகோளையும் இவ்விதழில் முன்வைக்க விரும்புகிறோம்.

பள்ளிச் செய்திகள்

தேர்வில் வென்ற மாணாக்கர் அனைவருக்கும் நம் உளமார்ந்த வாழ்த்துகள். எதிர்பார்த்த மதிப்பெண் கிட்டாதவர்களுக்கும் நம் வாழ்த்து உண்டு. அவர்களுக்கே அது கூடுதலாகத் தேவைப்படுகிறது. மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2026 ஆம் ஆண்டு முதல் பத்தாம் வகுப்பிற்கு இருமுறை பொதுத்தேர்வு என்ற முறையைக் கொண்டுவந்துள்ளது. முதல் தேர்வை அனைவரும் எழுதியாக வேண்டும். மே மாதத்தில் நடைபெறும் இரண்டாவது தேர்வு, மூன்று பாடங்கள் வரை மதிப்பெண்ணை உயர்த்திக்கொள்ள விரும்புவோர்க்கு உரியது. ஆதலின் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் உள்ள இல்லத்தார், இரண்டாம் தேர்வு எழுதுவதா வேண்டாமா என்பதை முடிவு செய்த பின்னரே ஊர்ப்பயணத்தைத் திட்டமிடுவது நலம். ரயிலில் முன்பதிவு செய்யும் காலமும் 2024 நவம்பர் முதல் 120 நாட்களிலிருந்து 60 நாட்களாகக் குறைந்துவிட்டது. திரும்பும் பயணச்சீட்டையும் மறவாமல் கணக்கிட்டு வாங்க வேண்டும்.

பழைய பாடநூல்களை ஒரு வீட்டிலிருந்து மற்றொரு வீட்டிற்குக் கொடுத்து உதவுவது நம்மவரிடையே நெடுநாளைய நல்வழக்கம். எனினும் இப்பொழுது சற்றுக் கவனம் தேவை. 2024 இல் மூன்று, ஆறாம் வகுப்புகளுக்கும், 2025 இல் நான்கு, ஐந்து, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்கும் மத்திய பாடநூல்கள் புதிதாக வெளிவந்தன. அதற்கு முந்திய பதிப்புகள் இவ்வகுப்புகளுக்குப் பயன்படா. கொடுப்போரும் பெறுவோரும் பதிப்பாண்டைப் பார்த்துக்கொள்க.

தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகளில் பயிலும் குழந்தைகளுக்குத் தமிழ் வகுப்பு உண்டு. பிற பள்ளிகளில் பயில்வோர்க்கு வீடே தமிழ்ப் பள்ளி. ஊருக்குச் செல்லும் பிள்ளைகள் பேருந்துப் பலகைகளையும் கடைப் பெயர்களையும் படிக்கத் தொடங்கினாலே பாதித் தமிழ் கைவந்துவிடும்.

ஒரு கவலை

இனி, நம் நெஞ்சை உறுத்தும் விஷயத்திற்கு வருவோம். இப்பருவத்தில் நம் அன்பர்கள் சிலர் தனித்தனியே வந்து, குரலைத் தாழ்த்தி, ஒரே கேள்வியைக் கேட்டனர். “பையனின் பையில் பேனாவைப் போல் ஒன்று கிடந்தது, மாம்பழ வாசனை வீசியது, அது என்ன?” என்பதே அக்கேள்வி. வெவ்வேறு பள்ளிகளில் பயிலும் பிள்ளைகள். ஒருவரையொருவர் அறியாத பெற்றோர்கள். ஒரு பள்ளியில் கழிப்பறையில் அகப்பட்ட மாணவர்களின் பெற்றோரை அழைத்துக் கையெழுத்து வாங்கி அனுப்பிவிட்டார்கள். அதற்குமேல் என்ன செய்வதென்று பெற்றோருக்கும் தெரியவில்லை, பள்ளியாரும் சொல்லவில்லை.

அப்பொருளுக்கு மின் சிகரெட் என்று பெயர். பிள்ளைகள் அதை ‘வேப்’ என்கிறார்கள். சீன நாட்டு மருந்தாளர் ஹோன் லிக் என்பவர் 2003 இல் இதனை உருவாக்கினார்; சிகரெட்டை விடமுடியாத வயது வந்தோருக்கு ஒரு மாற்றாகவே அது தோன்றியது. உள்ளே ஒரு சிறு பாட்டரி, ஒரு கம்பிச் சுருள், சிறிதளவு திரவம். உறிஞ்சும்போது சுருள் சூடாகித் திரவத்தை ஆவியாக்குகிறது. அத்திரவத்தில் கிளிசரினும், புரொப்பிலீன் கிளைக்கால் என்ற பொருளும், பழவாசனைகளும், பெரும்பாலும் நிகோடினும் கலந்திருக்கும். புகையிலையின் அடிமைத்தளை எதனால் உண்டாகிறதோ அந்த நிகோடின்தான் இதிலும் உள்ளது.

“வெறும் நீராவிதானே” என்று பிள்ளைகள் வாதிடுவார்கள். அது நீராவி அன்று. நிகோடினோடு நுண்துகள்களும், சுருளிலிருந்து கரையும் நிக்கல், ஈயம் போன்ற உலோகங்களும் அதனுள் செல்லக்கூடும். சிகரெட்டின் முதல் புகை தொண்டையைச் சுட்டுப் புதியவனை இருமச் செய்து எச்சரிக்கும். மின் சிகரெட்டிலோ அவ்வெச்சரிக்கையும் இல்லை. நிகோடினோடு ஓர் அமிலத்தைச் சேர்த்து உப்பாக்கும் முறை 2015 அளவில் அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. அதன்பின் மிகுந்த அளவு நிகோடினும் தொண்டையை உறுத்தாமல் வழுவழுப்பாக இறங்குகிறது. ஒரு சிறு குப்பியில் ஒரு சிகரெட் பெட்டிக்கு நிகரான நிகோடின் அடங்கிவிடக்கூடும். உறிஞ்சிய சில விநாடிகளிலேயே அது மூளையை எட்டுகிறது.

மனித மூளை ஏறத்தாழ 25 வயது வரை வளர்ந்துகொண்டிருக்கிறது. கவனத்தையும் பொறுமையையும் ஆளும் பகுதிகளே கடைசியில் முதிர்கின்றன. வளரும் அம்மூளையில் நிகோடின் இடம்பிடித்தால் கவனம் சிதறுகிறது. மனநிலை நிலையின்றித் தடுமாறுகிறது. வேறு போதைகளுக்கும் வழி எளிதாகிறது. “படிப்பில் மனம் செல்லவில்லை, எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறான்” என்று நாம் பருவத்தின் குற்றமாகக் கருதுவதில், சில வேளைகளில் இதன் பங்கும் இருக்கக்கூடும்.

சிகரெட்டைவிட இதில் தீங்கு குறைவு என்று கற்றவர்கள் சிலரும் கூறுவதுண்டு. பல்லாண்டு புகைபிடித்த முதியவர் சிகரெட்டை முற்றிலும் விட்டு இதற்கு மாறுவதைப் பற்றிய பேச்சு அது. புகையே அறியாத பதினான்கு வயதுப் பிள்ளைக்கு அவ்வொப்பீடு பொருந்தாது. அக்கருத்தை அரசளவிலேயே ஏற்றுக்கொண்ட இங்கிலாந்துகூட, இளைஞர் கையில் பெருகியதைக் கண்டு, ஒருமுறை பயன்படுத்தி எறியும் மின் சிகரெட்டுகளின் விற்பனையை 2025 ஜூன் முதல் நாளில் தடைசெய்துவிட்டது.

சட்டமும் சந்தையும்

நம் நாட்டில் இதற்குத் தெளிவான தடை உள்ளது. கர்நாடகம் முதலிய சில மாநிலங்கள் முன்னரே தடுத்திருந்தன. 2019 செப்டம்பர் 18 அன்று நாடு முழுமைக்கும் அவசரச் சட்டம் பிறந்தது. அவ்வாண்டு டிசம்பரில் அது நிலையான சட்டமாயிற்று. மின் சிகரெட்டைத் தயாரித்தல், இறக்குமதி, ஏற்றுமதி, கொண்டுசெல்லுதல், விற்றல், விளம்பரம் செய்தல் யாவும் குற்றங்கள். முதல் குற்றத்திற்கு ஓராண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு. சேமித்து வைத்தாலும் ஆறு மாதம் வரை சிறையோ, 50,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். நண்பர்களுக்காக வாங்கித் தன் அலமாரியில் வைத்துப் பங்கிடும் பிள்ளை எவ்வளவு ஆபத்தான விளையாட்டில் இறங்குகிறான் என்பதை அவனுக்கு எடுத்துரைக்க வேண்டும்.

சட்டம் இருந்தும் பொருள் கிடைக்கிறது. கைப்பேசிச் செய்தியில் ஒரு குழு, வாடகை வண்டியில் ஒரு பொட்டலம், தெருமுனையில் கேட்டவர்க்கு மட்டும் எடுத்துத் தரும் ஒரு கடை. மறைவில் விற்கும் பொருளின் உள்ளடக்கத்தை எவர் சோதிப்பார்? அமெரிக்காவில் 2019 இல் மின் சிகரெட்டால் நுரையீரல் பழுதுற்று 2020 பிப்ரவரிக்குள் 2,807 பேர் மருத்துவமனையில் சேர்ந்தனர் அல்லது உயிரிழந்தனர். இறந்தவர் 68 பேர். அவர்களுள் பெரும்பாலோர் பயன்படுத்தியது கஞ்சாச் சாறு கலந்த கள்ளச் சந்தைத் திரவம். அதில் சேர்த்த வைட்டமின் ஈ அசிட்டேட் என்னும் பொருளே முக்கியக் காரணமென்று ஆராய்ந்தோர் கண்டனர். கள்ளச் சந்தைச் சரக்கே அங்கு இத்தனை கேடு செய்தது. நம் நாட்டிலோ விற்பனை யாவும் கள்ளச் சந்தைதான். இதனைப் பிள்ளைகளிடம் மிகைப்படுத்தாமல், உள்ளது உள்ளபடியே கூறினால் அவர்கள் கேட்பார்கள்.

நம்பிக்கை இழக்கவும் வேண்டா. அதே அமெரிக்காவில் 2019 இல் உயர்நிலைப் பள்ளி மாணவருள் நூற்றுக்கு 27.5 பேர் மின் சிகரெட் பயன்படுத்தினர். 2024 இல் அது 7.8 ஆகக் குறைந்துவிட்டது. பரவிய பழக்கம் திரும்பவும் அடங்கக்கூடும். நம் நாட்டில் 2019 இல் எடுத்த கணக்கின்படி 13 முதல் 15 வயது மாணவருள் ஏதேனும் ஒரு வகைப் புகையிலையைப் பயன்படுத்தியோர் நூற்றுக்கு 8.5 பேர். சிகரெட் பிடித்தவர்களுள் மூவரில் ஒருவருக்குமேல் பத்து வயதிற்குள்ளேயே முதல் புகையை இழுத்தவர்கள். ஆகவே “நம் குழந்தை இன்னும் சிறு பிள்ளை” என்ற எண்ணம் பாதுகாப்பாகாது.

நமக்கே உரிய குறை

இத்தொல்லை எல்லா வீட்டிற்கும் பொதுவே. எனினும் புலம்பெயர்ந்து வாழும் நமக்குத் தனியாக ஒரு குறை உண்டு. முன்னாளில் ஊரில் ஒரு பையன் பீடி பிடித்தால் சட்டை வாசனையே காட்டிக்கொடுத்துவிடும். வாசனைக்குத் தப்பினாலும் பெரியப்பாவின் கண்ணுக்குத் தப்ப முடியாது. கடைத்தெருவில் எவரேனும் பார்த்து, அன்று மாலையே வீட்டில் சொல்லிவிடுவர். இன்று வாசனை பழவாசனையாகிவிட்டது. தலைநகரில் பெரியப்பாவும் இல்லை. தந்தை அலுவலகத்திலும், தாய் அலுவலகத்திலும், இரண்டு அறை வீட்டில் பிள்ளை தனியேயும் இருக்கிறார்கள். அண்டை வீட்டார்க்கு நம் மொழி தெரியாது. அவர்கள் பார்த்தாலும் சொல்லமாட்டார்கள். ஊரின் கண்களை இழந்த நாம், ஒருவர்க்கொருவர் கண்களாக இருந்தாலன்றி இதனைத் தடுக்க இயலாது.

ஆனால் நடப்பது என்ன? செய்தி வெளியே தெரிந்தால் மானம் போய்விடுமென்று அஞ்சிப் பெற்றோர் மூடி மறைக்கின்றனர். பெண் குழந்தையாக இருந்துவிட்டாலோ அச்சம் இருமடங்காகிறது. நாம் அறிந்த ஒரு குடும்பத்தில், ஒன்பதாம் வகுப்புப் பையன் அகப்பட்டதும் இரண்டு நாள் அடியும் அழுகையுமாகக் கழிந்தன. மூன்றாம் நாள் கோடை விடுமுறை தொடங்கிற்று. காரணம் எதுவும் கூறாமல் அவனைப் பாட்டியின் ஊருக்கு ரயிலேற்றிவிட்டனர். அங்கே அவன் எவரோடும் பேசவில்லை, இரவில் உறங்கவில்லை, சோற்றுத் தட்டைத் தள்ளினான். படிப்புக் களைப்பென்று எண்ணிப் பாட்டி பலகாரம் செய்து போட்டார். பத்து நாட்களில் பக்கத்து ஊர்க் கல்லூரி மாணவர்களிடமிருந்து சிகரெட் வாங்கத் தொடங்கிவிட்டான். பின்னர் உண்மை தெரிந்தபோது அம்மூதாட்டி தம் மகளிடம் கேட்ட கேள்வி நம் செவியில் இன்னும் ஒலிக்கிறது: “ஏண்டி, பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் சொல்லி அனுப்புவாய் அல்லவா? இதை ஏன் சொல்லவில்லை?”

அக்கேள்விக்குள் முழு வழியும் அடங்கியிருக்கிறது. நிகோடின் பற்றிய குழந்தை நோயுற்ற குழந்தை. கண்டிக்க வேண்டியதைக் கண்டிக்கலாம்; ஆனால் நோய்க்குரிய சிகிச்சையும் உடனிருப்பும் தேவை. நாடு கடத்துவது சிகிச்சையாகாது.

விடுமுறையே மருந்து

நிகோடினை நிறுத்தியவர்க்கு எரிச்சல், பதற்றம், தூக்கமின்மை, மிகுந்த பசி, சோர்வு, கவனக்குறைவு ஆகியன தோன்றும். முதல் சில நாட்களே மிகக் கடினமானவை. பெரும்பாலோர்க்கு இரண்டு முதல் நான்கு வாரங்களில் அவை தணிந்துவிடும். இதனை நம் விடுமுறைக் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஏறத்தாழ ஏழு வாரம் பள்ளி இல்லை, தேர்வு இல்லை, கழிப்பறையில் காத்திருக்கும் கூட்டாளி இல்லை. ஓராண்டில் இதைவிடத் தக்க காலம் பிள்ளைக்குக் கிடைக்காது. ஆதலின் இவ்விடுமுறையைத் தண்டனைக் காலமாக்காமல், விடுபடும் காலமாக்கிக் கொள்ளுமாறு பெற்றோரை வேண்டுகிறோம்.

முதலில் பேச வேண்டும். பையைச் சோதிப்பதற்கு முன்னும், கைப்பேசியைப் பறிப்பதற்கு முன்னும் ஒரு மாலை அமைதியாக அமர்ந்து, “உங்கள் பள்ளியில் இதைப் பயன்படுத்துகிறார்களா? உனக்கும் யாராவது நீட்டினார்களா?” என்று கேளுங்கள். ஓர் அன்னை இவ்வாறு கேட்டபோது, அவர் மகள் சிறிது நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தானே எழுந்து சென்று அதனைக் கொண்டுவந்து அவர் கையில் வைத்தாள். அன்னை கூச்சலிட்டிருந்தால் அது வேறோர் இடத்தில் ஒளிந்திருக்கும், அவ்வளவே.

அடுத்து, அவாவின் இயல்பைப் பிள்ளைக்குச் சொல்லுங்கள். அது அலைபோல் எழும். சில நிமிடங்களில் அடங்கும். அந்நிமிடங்களைக் கடக்கத் தண்ணீரோ, சீரகமோ, ஒரு நடையோ போதும். தந்தைமார் விடியற்காலையில் பிள்ளையோடு பூங்காவில் நடந்தால் இருவருக்கும் நலம். ஊருக்கு அனுப்புவதானால் பாட்டனாரிடமோ மாமனிடமோ உள்ளதைச் சொல்லியே அனுப்புங்கள்.

தளர்ந்தால் உதவி கேட்க வெட்கம் வேண்டா. புகையிலைப் பழக்கத்தை விட உதவும் தேசியத் தொலைபேசி 1800-11-2356. இதற்குக் கட்டணம் இல்லை. மனநல உதவிக்கு ‘டெலி மானஸ்’ என்னும் அரசுச் சேவையை 14416 என்ற எண்ணில் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். அரசு மருத்துவமனைகளின் மனநலப் பிரிவிலும் மருத்துவரைக் காணலாம். நிகோடின் பசையோ மாத்திரையோ வேண்டுமா என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். நாமே கடையில் வாங்கிக் கொடுத்துவிடக் கூடாது. சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் அத்திரவம் கிடந்தால் உடனே அகற்றுக. விழுங்கினால் அது நஞ்சு.

இறுதியாக, பெரியவர்களாகிய நம்மைப் பற்றியும் ஒரு சொல். சங்க விழாக்களில் மண்டப வாயிலில் நின்று புகைவிடும் அன்பர்களும், உணவிற்குப் பின் புகையிலையை அடக்கிக்கொள்ளும் பெரியோர்களும் நம்மிடையே உண்டு. பிள்ளைகள் நம் சொல்லைக் கேட்பதைவிட நம் கையைப் பார்ப்பதே மிகுதி. மகனோடு தந்தையும் இவ்விடுமுறையில் விட்டொழித்தால், அதனினும் பெரிய உபதேசம் வேறில்லை.

நம் சங்கத்து அன்பர்களுக்கு ஒரே வேண்டுகோள். மற்றொருவர் பிள்ளையைப் பற்றி இத்தகைய செய்தி காதில் விழுந்தால் அதனை ஊர்ப்பேச்சாக்காதீர்கள். அப்பெற்றோரிடம் மட்டும், தனியே, பரிவோடு சொல்லுங்கள். உங்களிடம் எவரேனும் வந்து சொன்னால் சினம் கொள்ளாதீர்கள். ஊரிலிருந்த பெரியப்பா செய்ததையே அவரும் செய்கிறார். பள்ளியாரிடமும் நாம் கேட்க வேண்டியது உண்டு. அகப்பட்ட பிள்ளையை வெளியேற்றுவதோடு நில்லாமல், ஆலோசகரிடம் அனுப்பும் ஏற்பாட்டைச் செய்யுமாறு அடுத்த பெற்றோர் கூட்டத்தில் ஒவ்வொருவரும் எழுந்து கேளுங்கள். பள்ளிக்கு 100 கஜ தூரத்திற்குள் புகையிலைப் பொருள் விற்பதை 2003 ஆம் ஆண்டின் சட்டம் தடுக்கிறது. அத்தூரத்திற்குள் அவ்வாறு ஒரு கடை இருந்தால் நாலு பேராகச் சேர்ந்து எழுத்தில் முறையிடுங்கள்.

பயணம் செல்வோர் நலமாகச் சென்று நலமாகத் திரும்புக. இங்கேயே இருப்போர் வெயிலைப் பொறுத்துக்கொள்க. ஜூலையில் பள்ளி திறக்கும் நாளில் நம் பிள்ளைகள் ஒவ்வொருவரும் தெளிந்த கண்ணோடும் தடையற்ற மூச்சோடும் வகுப்பில் நுழைய வேண்டும் என்பதே நம் விருப்பம். அதற்கு இவ்வேழு வாரங்கள் போதும். தொடங்க இன்று மாலையே நல்ல நேரம்.